காரோட்டும் இன்பம்: மின்சாரமும் பெற்றோலும்

வாகனம் ஒன்றின் பயன் யாது என்று வினவினால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மனிதனைக் கொண்டு சேர்ப்பதே என்று எவரும் விடை கூறுவர். ஆயினும் மோட்டார்க் கார் தோன்றிய நாள் முதலாக, மனிதன் அதனைப் பயனுக்காக மட்டும் விரும்பியதில்லை. அதனைச் செலுத்துவதில் உண்டாகும் மகிழ்ச்சிக்காகவும் விரும்பினான். அந்த மகிழ்ச்சி மின்சாரக் காரிலே மிகுதியா, பெற்றோல் காரிலே மிகுதியா என்பது இன்று பல நாடுகளிலும் சூடாக நிகழும் வாதமாகும். மின்சாரக் காரை ஓட்டியவர் அதன் அமைதியையும், மிதித்தவுடன் பாயும் விரைவையும் போற்றுகின்றனர். பெற்றோல் காரிலே பழகியவரோ, ஓசையும் துடிப்பும் இல்லாத வண்டியில் உயிர் ஏது என்று கேட்கின்றனர்.

இது புதிய வாதம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வழக்கு. முதன்முறை அது விசாரிக்கப்பட்டபோது தீர்ப்பு பெற்றோலுக்குச் சார்பாக அமைந்தது. அத்தீர்ப்பு எவ்வாறு வழங்கப்பட்டது, அதை வழங்கியவர் யாவர், எந்த அளவுகோல் கொண்டு அவர்கள் இன்பத்தை அளந்தனர் என்பனவற்றை அறிவது, இன்றைய வாதத்தைத் தெளிந்து கொள்ளப் பெரிதும் உதவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே குதிரையில்லா வண்டிகளை இயக்குவதற்கு மூன்று சக்திகள் போட்டியிட்டன. அவை நீராவி, மின்சாரம், பெற்றோல் என்பன. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 4,192 கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் 1,681 நீராவியால் இயங்கின. 1,575 மின்சாரத்தால் இயங்கின. பெற்றோலால் இயங்கியவை 936 மட்டுமே. மூவருள் கடைசியாக நின்றவனே பின்னர் உலகை ஆண்டான் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அக்காலத்தில் பெற்றோல் காரை ஓட்டுதல் எளிய செயலன்று. வண்டியின் முன்னே நின்று, இரும்புத் தண்டு ஒன்றைச் செருகி, உடல் வலுவெல்லாம் கூட்டிச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர் பெறும். சுழற்றும் வேளையில் இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்குமாயின், தண்டு கையை முறித்துவிடுவதும் உண்டு. உயிர் பெற்ற இயந்திரம் வண்டி முழுவதையும் நடுங்க வைக்கும். புகையும் நெடியும் பரப்பும். கியரை மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கூச்சலிடும். அவற்றை ஓசையின்றி இணைக்கக் கற்பதற்கே மாதக் கணக்கிலே பழக வேண்டியிருந்தது.

மின்சாரக் காரோ இதற்கு நேர்மாறானது. ஏறி அமர்ந்து, கைப்பிடி ஒன்றை முன்னே தள்ளினால் வண்டி புறப்படும். கியர் இல்லை, கிளச்சு இல்லை, நடுக்கம் இல்லை, நாற்றம் இல்லை. பாரிசு நகரில் க்ரீஜே என்பவர் அமைத்த மின்சார வண்டிகளிலே, வேகம் குறையும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, செலவிட்ட மின்சாரத்தில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு கூட இருந்தது. இன்றைய மின்சாரக் கார்களின் அரிய சிறப்பாகக் கூறப்படும் அவ்வேற்பாடு அந்நாளிலேயே அறியப்பட்டிருந்தது.

இவ்விரு வகை வண்டிகளும் ஒரே களத்தில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1895 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆந் திகதி, சிக்காகோ நகரிலே ஒரு பத்திரிகையின் ஆதரவில் காரோட்டப் போட்டி நடைபெற்றது. முன்னர் பெய்த பனி வீதியை மூடிக் கிடந்தது. ஏறக்குறைய 54 மைல் தூரம். ஆறு வண்டிகள் புறப்பட்டன. அவற்றுள் இரண்டு மின்சார வண்டிகள். பனியிலும் குளிரிலும் பற்றரிகள் விரைவிலே சோர்ந்துவிட்டன. பெற்றோல் வண்டிகள் இரண்டே எல்லையை அடைந்தன. டியூரியா சகோதரர்களின் வண்டி, பத்து மணி நேரத்துக்கு மேல் வீதியிலே போராடி முதலிடம் பெற்றது. இரண்டாவதாக வந்த வண்டியின் சாரதி கடுங்குளிரால் மயங்கிவிட, உடன் சென்ற நடுவரே அதனைச் செலுத்தி எல்லை சேர்த்தார்.

ஆயினும் நடுவர்கள் மற்றொரு தீர்ப்பும் வழங்கினர். பாதுகாப்பு, எளிதாக இயக்கத்தக்க தன்மை, ஓசையும் அதிர்வும் வெப்பமும் நாற்றமும் இல்லாமை, தூய்மை ஆகியவற்றை ஆராய்ந்து, பிலடெல்பியாவைச் சேர்ந்த மொரிஸ், சலோம் என்னும் இருவர் செய்த மின்சார வண்டிக்கு அவர்கள் தங்கப் பதக்கம் அளித்தனர். தூரத்தை வென்றது பெற்றோல். நயத்தை வென்றது மின்சாரம். நயத்தின் பொருட்டு வழங்கப்பட்ட பரிசைப் பிற்காலத்தார் மறந்துவிட்டனர். தூரத்தின் பொருட்டு வழங்கப்பட்டதையே நினைவில் வைத்தனர்.

மின்சார வண்டி நயமுடையது எனினும் வேகமற்றது போலும் என்று எவரேனும் நினைக்கலாம். அதுவும் தவறு. 1896 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், வட்டப் பாதையிலே நடந்த ஓட்டப் போட்டியில் ரைக்கர் என்பவரின் மின்சார வண்டி, டியூரியா பெற்றோல் வண்டிகளைப் பின்தள்ளி வெற்றி கண்டது. காரின் வேகச் சாதனை முதன்முதலாக அளந்து பதிவுசெய்யப்பட்டதும் மின்சார வண்டிக்கே. 1898 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், பாரிசுக்கு அண்மையிலுள்ள அஷேர் என்னும் ஊரின் நேர்வீதியில், சாஸ்லூ-லோபா என்ற பிரபு மணிக்கு 63 கிலோமீற்றர் வேகத்தில் மின்சாரக் கார் ஒன்றை ஓட்டினார். செந்தாடி கொண்ட பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனாட்சி என்பவர் அவருக்குச் சவால் விடுத்தார். 1899 ஆம் ஆண்டின் முதற் சில மாதங்களில் இருவரும் மாறி மாறி ஒருவர் சாதனையை மற்றவர் முறியடித்தனர். இருவரும் செலுத்தியவை மின்சார வண்டிகளே.

அவ்வாண்டு வசந்த காலத்தில் ஜெனாட்சி, பீரங்கிக் குண்டு போன்ற வடிவமுடைய புதிய வண்டியொன்றைக் கொண்டுவந்தார். ‘ஒருபோதும் நிறைவுறாதவள்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். அதன்மேல் அமர்ந்து, மார்புவரை காற்றில் வெளியே தெரிய, மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். வீதியிலே மணிக்கு நூறு கிலோமீற்றரைக் கடந்த முதற் கார் அதுவேயாகும். 1902 ஆம் ஆண்டில் செர்ப்போலேயின் நீராவிக் கார் முறியடிக்கும் வரையில் அச்சாதனை நிலைத்து நின்றது. அவ்வண்டியைப் பிரான்சு தேசத்துக் கொம்பியேன் நகர அரும்பொருட்சாலை காத்து வருகின்றது. ஆகவே வேகத்தின் கிளர்ச்சி என்பது பெற்றோலோடு பிறந்த குணமன்று. அதனை மனிதனுக்கு முதலில் ஊட்டியது மின்சாரமே.

அங்ஙனமாயின் பெற்றோல் எதனால் வென்றது? முதற் காரணம் பற்றரியின் குறை. ஒரு கிலோகிராம் பெற்றோலில் ஏறத்தாழ 12 கிலோவாற்று மணிச் சக்தி அடங்கியுள்ளது. அந்நாளைய ஈயப் பற்றரி, அதே எடையில் இதன் நூற்றுக்கொரு பங்கைக் கூட ஏந்தவில்லை. 1897 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே வோல்டர் பேர்சி என்பவரின் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை எழுப்பிய மெல்லிய ரீங்காரம் காரணமாக மக்கள் அவற்றை ‘ரீங்காரப் பறவைகள்’ என்று அழைத்தனர். ஆயினும் பற்றரியின் பாரம் தாங்காது ரயர்கள் தேய்ந்தன, செலவு பெருகியது, இரண்டு ஆண்டுகளிலே அவை வீதியினின்றும் மறைந்தன. அமெரிக்காவில் எடிசன் பல ஆண்டுகள் உழைத்து நிக்கலும் இரும்பும் கொண்ட பற்றரியை உருவாக்கினார். அதுவும் தூரத்தின் பகையை முற்றாக வெல்லவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 1901 ஆம் ஆண்டில் பெருகிய எண்ணெய் ஊற்றும், ஹென்றி போர்ட் 1908 ஆம் ஆண்டில் 850 டொலருக்கு வெளியிட்டு 1925 ஆம் ஆண்டளவில் 260 டொலருக்கு இறக்கிய ‘டி’ மாதிரிக் காரும் பெற்றோலின் பக்கம் நின்றன.

இவை பொருளியற் காரணங்கள். இவற்றோடு மனஞ்சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. கார் என்பது தொடக்க காலத்தில் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாயிருந்தது. நகரத்துக்குள் வேலைக்குச் செல்ல அவர்களுக்குக் குதிரை வண்டி போதும். காரிலே அவர்கள் தேடியது, ஊர் கடந்து அறியாத வீதியிலே செல்லும் வீரச் செயலை. இயந்திரம் நடுவழியில் நின்றுபோவதும், கைகளில் எண்ணெய் படியத் தாமே அதனைத் திருத்துவதும் அவ்வீரச் செயலின் கூறுகளாயின. அக்காலப் பெற்றோல் காரை ‘சாகச இயந்திரம்’ என்று வருணித்தார் ஒல்லாந்து நாட்டு வரலாற்றாசிரியர் கைஸ் மொம். மின்சாரக் காரின் வரலாற்றை ஆராய்ந்து 2004 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட அவருடைய கருத்துப்படி, பெற்றோல் காரின் குறைகளே அதனை விரும்பியோர்க்குக் கவர்ச்சியாக அமைந்தன.

இந்தக் கவர்ச்சி எத்துணைக் கொடிய எல்லைக்குச் சென்றது என்பதற்கு 1903 ஆம் ஆண்டு மே மாதத்து பாரிசு–மட்ரிட் ஓட்டப் போட்டி சான்று. புழுதி படிந்த வீதிகளில், வேலியின்றித் திரண்டு நின்ற மக்களிடையே வண்டிகள் பறந்தன. ஓட்டியவர் சிலரும் பார்த்து நின்றோர் சிலரும் மாண்டனர். புகழ்பெற்ற கார் உற்பத்தியாளரான மார்செல் ரெனோவும் அவர்களுள் ஒருவர். பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரிலே போட்டியைத் தடுத்து நிறுத்தியது. இத்தகைய காலத்தில், ஆபத்தில்லாத வண்டி சுவையில்லாத வண்டியாகக் கருதப்பட்டது வியப்பன்று.

அதற்கு மேலும் ஒரு பெயர் மின்சாரக் காருக்குச் சூட்டப்பட்டது. அது பெண்களுக்குரிய வண்டி என்பதே அப்பெயர். எளிதாக இயங்குவது, அழுக்கில்லாதது, உரத்துப் பேசாதது; ஆகவே பெண்களுக்கு ஏற்றது என்று விளம்பரங்கள் கூறின. பேக்கர், டெற்றோயிற் எலெக்ட்ரிக் முதலிய கார்கள் கண்ணாடி யன்னல்களும் மெத்தென்ற இருக்கைகளும் பூச்செண்டு வைக்கும் கிண்ணமுமாக, வரவேற்பறை போல அலங்கரிக்கப்பட்டன. படகின் சுக்கான் தண்டு போன்ற கைப்பிடியால் அவற்றைத் திருப்பினர். பெற்றோல் காரின் பேரரசரான ஹென்றி போர்டின் மனைவி கிளாரா அம்மையாரே 1914 ஆம் ஆண்டின் டெற்றோயிற் எலெக்ட்ரிக் காரை வைத்திருந்தார். அக்கார் இன்றும் போர்டின் பெயரால் அமைந்த அரும்பொருட்சாலையிலே உள்ளது.

இப்பெயர் சூட்டலின் விளைவை அமெரிக்க வரலாற்றாசிரியை வேர்ஜீனியா ஷார்ப் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மின்சாரக் கார் பெண்களுக்கு உரியது என்றதனால், ஆண்கள் அதை விட்டு விலகினர். அதேவேளை, பெண்கள் விரும்புவது அமைதியும் குறுந்தூரமும் மட்டுமே என்ற எண்ணமும் வேரூன்றியது. பெண்களின் விருப்பமோ அவ்வாறு குறுகியதாயிருக்கவில்லை. 1909 ஆம் ஆண்டில் அலிஸ் ராம்ஸி என்னும் இளம் பெண், மூன்று தோழியரோடு பெற்றோல் காரிலே நியூயோர்க் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சென்று, அமெரிக்கக் கண்டத்தைக் காரோட்டிக் கடந்த முதற் பெண்மணியானார். பெண்ணுக்கு ஒரு வண்டி, ஆணுக்கு ஒரு வண்டி என்று வகுத்தவர் வியாபாரிகளே என்பதற்கு அவருடைய பயணமே போதிய சான்று.

இதனிடையே நிகழ்ந்த ஒரு சம்பவம் மிகவும் கருதத்தக்கது. சார்ல்ஸ் கெற்றரிங் என்னும் பொறியியலாளர், பற்றரியும் சிறு மின்மோட்டாரும் கொண்டு இயந்திரத்தைக் கிளப்பும் கருவியை அமைத்தார். 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. கையால் சுழற்றும் இரும்புத் தண்டின் தொல்லை அகலத் தொடங்கியது. மின்சாரக் காரின் தனிச்சிறப்பைப் பெற்றோல் கார் மின்சாரத்தைக் கொண்டே கவர்ந்து கொண்டது. வீட்டுக்காரனின் வாளாலேயே வீட்டைக் கைப்பற்றியது போன்ற செயல் இது. அதன்பின் மின்சாரக் கார் படிப்படியாகத் தேய்ந்தது. டெற்றோயிற் எலெக்ட்ரிக் உற்பத்தி 1939 ஆம் ஆண்டோடு முற்றாக முடிவுற்றது.

சாகசத்தைப் புகழ்ந்த பெற்றோல் கார், அதன்பின் எத்திசை நோக்கி வளர்ந்தது என்று காணுதல் சுவையானது. ஓசையை அடக்கும் குழாய்கள் வந்தன. 1907 ஆம் ஆண்டு முதல் புகழ்பெற்ற ரோல்ஸ் ரோய்ஸ் ‘வெள்ளி ஆவி’ என்னும் கார், ஆவி போல ஓசையின்றிச் செல்வது என்ற பெருமைக்காகவே விலை போயிற்று. 1940 ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில், கிளச்சை மிதியாமலே கியர் தானாக மாறும் அமைப்பு வந்தது. தானாகக் கிளம்புதல், தானாகக் கியர் மாறுதல், ஓசையும் அதிர்வும் இன்மை ஆகிய இவையனைத்தும் 1895 ஆம் ஆண்டிலே சிக்காகோ நடுவர்கள் மின்சார வண்டிக்குப் பதக்கம் அளித்தபோது போற்றிய குணங்களோடு ஒத்தவை. நூறாண்டுக் காலம் பெற்றோல் கார், தான் தோற்கடித்த பகைவனைப் போல ஆவதற்கே பெரும்பொருள் செலவிட்டது என்றால் மிகையாகாது.

ஆயினும் பெற்றோல் கார் தந்த இன்பத்தைப் பொய்யென்று தள்ளுவது நீதியாகாது. இயந்திரத்தின் சுருதி ஏறுவதைச் செவியால் உணர்ந்து, ஏற்ற கணத்தில் கியரை மாற்றி, கையும் காலும் காதும் ஒருங்கே இயங்க வளைவொன்றைக் கடக்கும் சாரதி, மிருதங்கத்தில் விரல் பழகிய கலைஞனின் மகிழ்ச்சியைப் பெறுகின்றான். பயின்று பெற்ற திறமை தரும் மகிழ்ச்சி அது. தலைமுறை பலவாக மக்கள் அதிலே ஊறி வந்தமையால், காரோட்டும் இன்பம் என்பதே அதுதான் என்று நம்பலாயினர்.

அந்நம்பிக்கை இருபத்தோராம் நூற்றாண்டிலே ஆட்டங் கண்டது. 1996 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஈ.வீ.1 என்னும் மின்சாரக் காரைக் குத்தகைக்கு அளித்தது. பின்னர் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நொறுக்கியது. 2008 ஆம் ஆண்டில் டெஸ்லா நிறுவனம், இலித்தியம் பற்றரி பொருத்திய ‘ரோட்ஸ்டர்’ என்னும் விரைவுக் காரை வாங்குவோர் கையிலே கொடுத்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை அது ஏறத்தாழ நான்கு விநாடிகளில் எட்டியது. பெற்றோல் இயந்திரம் போதிய சுழற்சி பெற்ற பின்னரே தன் முழு வலுவைக் காட்டும். மின்மோட்டாரோ, சில்லைத் திருகும் வலுவை முதற் கணத்திலேயே முழுமையாகத் தரும். கியர் மாற்றும் இடைவெளியும் அதற்கில்லை. மிதிப்பதற்கும் பாய்வதற்கும் இடையே தாமதமின்மையே அதன் இன்பத்தின் உயிர்.

2018 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் சிகரத்தில் நடைபெற்ற மலையேற்றப் போட்டி இவ்வழக்கிலே சிறந்த சாட்சியாகும். ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரமும் 156 வளைவுகளும் கொண்ட அவ்வீதி, 4,300 மீற்றர் உயரத்தில் முடிகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிதலால், அதனைச் சுவாசித்து எரியும் பெற்றோல் இயந்திரம் வலுவிழக்கும். காற்றைச் சாராத மின்மோட்டாருக்கு அவ்விழப்பு இல்லை. வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் மின்சாரக் காரை ரோமன் டூமா என்னும் பிரெஞ்சு சாரதி 7 நிமிடம் 57 விநாடியில் உச்சிக்குக் கொண்டு சேர்த்தார். 2013 ஆம் ஆண்டில் பெற்றோல் கார் நிலைநாட்டிய 8 நிமிடம் 13 விநாடிச் சாதனை முறிந்தது. சாகசம் பெற்றோலுக்கே உரியது என்ற பழைய வாதமும் அன்று மலையுச்சியிலே வலுவிழந்தது.

எனினும் மின்சாரக் காருக்கும் குறைகள் உள. பற்றரியின் பாரத்தால் அது ஒத்த பெற்றோல் காரிலும் எடை மிகுந்தது. பாரம் தாழ்வாக அமைவதால் வளைவிலே உறுதியாக நின்றாலும், இலேசான வண்டி திசை மாறும் சுறுசுறுப்பு அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. மேலும், ஓசையின்மையே சில வேளைகளில் தீமையாகின்றது. கண் பார்வையற்றோரும் பாதசாரிகளும் வண்டி வருவதை அறியும்பொருட்டு, மெதுவாகச் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2021 ஆம் ஆண்டு ஜூலை முதல் அங்கு பதிவாகும் புதிய மின்சாரக் கார்கள் அனைத்துக்கும் அவ்விதி பொருந்தும்.

பாதுகாப்புக்காக ஒலி சேர்ப்பது ஒன்று. இன்பத்துக்காகச் சேர்ப்பது மற்றொன்று. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹியுண்டாய் அயோனிக் 5 என் என்னும் மின்சாரக் காரிலே, இல்லாத கியர்கள் மாறுவது போன்ற உதறலையும், இல்லாத இயந்திரத்தின் முழக்கத்தையும் சாரதி விரும்பினால் உண்டாக்கிக் கொள்ளலாம். முன்னொரு காலம் மின்சாரத்தின் நயத்தைப் பெற்றோல் கார் நடித்தது. இப்பொழுது பெற்றோலின் முரட்டுத்தனத்தை மின்சாரக் கார் நடிக்கின்றது. குறையென்று பொறியியலாளர் நூறாண்டுகள் போராடி அகற்றியதையே, நினைவின் இனிமை கருதி மக்கள் மீண்டும் விலை கொடுத்து வாங்குகின்றனர்.

இவ்வரலாறு புகட்டும் உண்மை யாது? இன்பம் வண்டியிலே மட்டும் இருப்பதன்று. அது பழக்கத்திலும் காலத்தின் மதிப்பீட்டிலும் இருக்கின்றது. எளிதானது இழிவானது, கடினமானதே வீரம் என்ற மதிப்பீடு ஒரு தலைமுறையை ஆண்டபோது, அமைதியான வண்டி ஏளனத்துக்குள்ளாயிற்று. பற்றரியின் வலுக்குறைவு உண்மையான குறை. அதனைக் காலம் பெரிதும் போக்கியுள்ளது. ‘இது பெண்களின் வண்டி’ என்ற சொல்லோ இயந்திரத்தின் குறையன்று, மனிதரின் குறை. அதனைப் போக்க எந்தப் பற்றரியாலும் இயலாது.

பெற்றோல் காரின் முழக்கத்தை விரும்புவோரை நகைப்பதற்கும் காரணமில்லை. தம் கைத்திறமை வேண்டப்படாமற் போகின்றதே என்ற அவர்களின் துயரம், பாய்க்கப்பல் மறைந்தபோது மாலுமிகள் பட்ட துயரத்தை ஒத்தது. இன்று மின்சாரக் காரிலே ஓட்டப் பழகும் இளையோர், நாளை அதன் மெல்லிய ரீங்காரத்தையே காரின் இயல்பான குரலாகக் கொள்வர். பிற்காலத்திலே வேறொரு சக்தி வந்து அதனையும் மாற்றுமாயின், அவர்களும் அந்த ரீங்காரத்துக்காக ஏங்குவர். வண்டிகள் மாறும்; தாம் பழகியதே இனிது என்னும் மனிதனின் எண்ணம் எளிதில் மாறாது. அவ்வெண்ணத்தை அறிந்து, அதனை ஒருபுறம் வைத்து ஆராய்பவரே இவ்வழக்கிலே நடுவராய் இருக்கத் தக்கவர்.